விக்கிப்பீடியாவை அச்சடிக்க எவ்வளவு ஆகும்? ஒரு பழைய டைரி கிளப்பிய கேள்வி

ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம், செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருக்களில் ஒன்றில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. தெருவே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருக்கு நான் 'தம்பி'.

2023-ல் எங்கள் தெருப் பையன் ஒருவன் வெளியூரில் ஒரு சேர்க்கைக்காகச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போனான். அப்பாவின் பழைய சான்றிதழ் ஒன்றையும் சேர்த்து நீட்டியிருக்கிறான். அதில் 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்று முத்திரை. அங்கே இருந்தவர் போனை எடுத்து மாவட்டப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மாவட்டமே இல்லையேப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பையன் முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தான்.

சார் பீரோவைக் குடைந்து 1994-ம் வருஷத்து டைரி ஒன்றை எடுத்தார். டைரிகளின் முன்பக்கங்களில் அஞ்சல் கட்டணம், விடுமுறை நாட்கள், மாவட்டப் பட்டியல் எல்லாம் போட்டிருப்பார்கள் இல்லையா? அந்தப் பட்டியலில் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் இருந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, மாவட்டங்களின் பெயர் மாறிய விவரத்தையும் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"தம்பி, முப்பது வருஷத்துக்கு முந்தின டைரி காப்பாத்துச்சு. நீங்கெல்லாம் எதுக்கெடுத்தாலும் விக்கிப்பீடியான்னு சொல்றீங்க. அது இன்னிக்கு ஒண்ணு சொல்லுது, நாளைக்கு ஒண்ணு சொல்லுது. தமிழ்ல இருக்குறது மொத்தத்தையும் ஒரு செட் அச்சடிச்சு வச்சுட்டா என்ன? எவ்ளோ ஆவும்?"

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் கணக்கு

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. இன்று கட்டுரைகளின் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நான்கு வரியில் முடியும் குறுங்கட்டுரைகள் நிறைய உண்டு. முப்பது பக்கம் ஓடும் கட்டுரைகளும் உண்டு. சராசரியாக ஒரு கட்டுரைக்கு ஏ4 தாளில் ஒன்றரைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இது என் தோராயம்தான். 1,50,000 கட்டுரைக்கு 2,25,000 பக்கம் வருகிறது.

இரண்டு பக்கமும் அச்சடித்தால் 1,12,500 தாள். 500 தாள் கொண்ட கட்டு 225. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம், ஆக மொத்த எடை 560 கிலோ சொச்சம். தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது 11 மீட்டருக்கு மேல், அதாவது மூன்று மாடி வீட்டு உயரம். 500 பக்கத்துக்கு ஒரு தொகுதியாக பைண்டிங் செய்தால் 450 தொகுதி. ஐந்து தட்டு உள்ள புத்தக பீரோ மூன்று வேண்டும். பக்கத்துக்கு ஒரு ரூபாய், பைண்டிங்குக்குத் தொகுதிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 2,70,000 ரூபாய்.

இதைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். பெரிய தொகைதான், ஆனால் நடக்கவே நடக்காத தொகை இல்லை. ஒரு நடுத்தரக் கல்யாணச் செலவுக்குள் அடங்கிவிடும்.

அப்புறம் நேரத்தைக் கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 30 பக்கம் அடிக்கும் இயந்திரம் 125 மணி நேரம் ஓட வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 16 நாள். அந்த 16 நாளும் விக்கிப்பீடியாவில் ஆட்கள் எழுதிக்கொண்டும் திருத்திக்கொண்டும்தான் இருப்பார்கள். கடைசித் தொகுதி இயந்திரத்தை விட்டு வெளியே வரும்போது முதல் தொகுதிக்கு வயசாகியிருக்கும்.

இதுவும் அச்சடிக்க மட்டும் ஆகும் நேரம். யாராவது படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டாமா? ஒருவர் நாளைக்கு 50 பக்கம் கவனமாகப் படிக்கிறார் என்றால் 4,500 நாள் ஆகும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! காசு, தாள், பீரோ எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

நியூயார்க்கிலும் ஜெர்மனியிலும்

இந்தக் கணக்கை ஆங்கிலத்துக்கு நிஜமாகவே போட்டுப் பார்த்தவர் மைக்கேல் மாண்டிபெர்க் என்ற அமெரிக்கக் கலைஞர். 2015 ஏப்ரல் 7 அன்று இருந்த ஆங்கில விக்கிப்பீடியாவை அப்படியே எடுத்துக்கொண்டு, அதைப் புத்தகப் பக்கங்களாக மாற்றும் நிரல் எழுதினார். ஒவ்வொன்றும் 700 பக்கம் கொண்ட 7,473 தொகுதிகள் வந்தன. உள்ளடக்கப் பட்டியலுக்கு மட்டும் 91 தொகுதி. எழுதியவர்கள் பெயர்ப் பட்டியலுக்கு 36 தொகுதி. அதில் சுமார் 75 லட்சம் பெயர்கள்.

2015 ஜூனில் நியூயார்க்கில் ஒரு கலைக்கூடத்தில் இதைக் கண்காட்சியாக வைத்தார். அங்கே தாளில் இருந்தவை 106 தொகுதிகள் மட்டும். மீதி தொகுதிகளின் முதுகுப்புறம் சுவரொட்டியாகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. யாராவது காசு கொடுத்துக் கேட்டால் அச்சடித்துக் கொடுக்கும் தளத்தில் கோப்புகளை ஏற்றினார். ஏற்றி முடிக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மொத்தத்தையும் அச்சடிப்பது அவருடைய நோக்கமே இல்லை. அது எவ்வளவு பெரியது என்று கண்ணால் பார்க்க வைப்பதுதான் நோக்கம்.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். 2006-ல் ஜெர்மன் விக்கிப்பீடியாவை 100 தொகுதியாக அச்சிட ஒரு பதிப்பகம் திட்டம் அறிவித்து, பிறகு கைவிட்டது. 2008-ல் பெர்டெல்ஸ்மேன் நிறுவனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மக்கள் அதிகம் தேடிய தலைப்புகளை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்து, ஆயிரம் பக்கத்துக்குள் ஒரே புத்தகமாகப் போட்டது. அதிலும் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் சுமார் 90,000 பேரின் பெயர்கள்.

எழுதியவர்கள் பெயருக்கு ஏன் இவ்வளவு இடம்? விக்கிப்பீடியாவின் உரிமம் அப்படி. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் எழுதியவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏதாவது மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும். படங்களுக்கு உரிமம் தனி. ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயர் போட வேண்டும். "இலவசம்தானே" என்று நினைத்து அச்சடிக்கப் போகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

தமிழில் இது புதுக் கஷ்டம் இல்லை

அறிவு மாறிக்கொண்டே இருக்கிறது, அச்சு மாறாது. இந்தச் சிக்கல் இணையத்தோடு வந்ததில்லை. தமிழில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

ஆ. சிங்காரவேலு முதலியார் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். தனியொரு ஆளாகப் பல வருஷம் உழைத்து 'அபிதான சிந்தாமணி'யைத் தொகுத்தார். 1910-ல் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக அது வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். புத்தகம் வந்த பிறகும் அவர் விடவில்லை. சேர்த்துக்கொண்டே, திருத்திக்கொண்டே இருந்தார். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934-ல் வந்தபோது பக்கம் 1,600-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. 1931-லேயே காலமாகிவிட்டார். மகன்தான் அதை வெளிக்கொண்டு வந்தார். விக்கிப்பீடியாவில் ஒரு நிமிஷத்தில் பதிவாகும் திருத்தத்துக்கு அவர் 24 வருஷமும் ஓர் ஆயுளும் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்'. பெ. தூரன் முதன்மை ஆசிரியர். 1947-ல் வேலை தொடங்கி, முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-ல். நான் போட்ட பன்னிரண்டு வருஷக் கணக்கு இங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது பாருங்கள். எழுதுவோரைத் தேடி, கலைச்சொல் முடிவு செய்து, சரிபார்த்து முடிக்கப் பதினாறு வருஷம்.

பதினாறு வருஷத்தில் உலகம் சும்மா இருக்குமா? முதல் தொகுதி வந்த 1954-ல் விண்ணில் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. 1957-ல் ஸ்புட்னிக், 1961-ல் யூரி ககாரின். 1956-ல் மாநில எல்லைகளே மாறின. அகர வரிசையில் முன்னால் வருகிற தலைப்பு பழைய உலகத்திலும், பின்னால் வருகிறது புது உலகத்திலும் மாட்டிக்கொண்டன. இதைச் சரிக்கட்டத்தான் 1968-ல் பத்தாவதாக ஓர் இணைப்புத் தொகுதி போட்டார்கள். அந்தப் பத்தாம் தொகுதியும் வந்த பிறகு, 1969 ஜனவரி 14-ல் சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது. தமிழின் முதல் பெரிய கலைக்களஞ்சியத்தின் எல்லாத் தொகுதிகளும் வெளிவந்தது, அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு என்று பெயர் இல்லாத மாநிலத்தில்!

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இப்போதும் படிக்கலாம். ஒரு தொகுதியைத் திறந்தால் அந்த வருஷத்தில் படித்த தமிழர்களுக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்று அப்படியே கிடைக்கிறது.

மற்ற நாடுகளிலும் இதே போராட்டம்தான். பிரிட்டானிக்கா 1938 முதல் வருஷ இணைப்பு போட ஆரம்பித்தது. கடைசியில் 2012-ல் அச்சையே நிறுத்தியது. 2010-ல் வந்த 32 தொகுதிதான் அதன் கடைசி அச்சுப் பதிப்பு. அதற்கும் முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அமெரிக்காவில் நெல்சன் பதிப்பகம் ஒரு தந்திரம் செய்தது. தைக்காத கலைக்களஞ்சியம்! தாள்களைக் கழற்றி மாட்டும் அட்டைக்குள் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுத் தாள்கள் வரும், பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டியதுதான். 1935-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றும் இதே முறையில் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஓலைச்சுவடியும் கழற்றி மாட்டும் புத்தகம்தானே? கயிற்றை அவிழ்த்து ஓர் ஏட்டை உருவலாம், புது ஏட்டைச் செருகலாம். அதனால்தான் 'இடைச்செருகல்' என்ற வார்த்தையே நம்மிடம் இருக்கிறது. அரசு அலுவலக விதிப் புத்தகங்களில் திருத்தச் சீட்டு ஒட்டுவதும் இதே வம்சம்தான்.

இந்த முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. உருவிய பழைய தாள் எங்கே போகிறது? குப்பைக்கு. அதோடு, நேற்று வரை இந்தப் புத்தகம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதும் போய்விடுகிறது. நெல்சன் வாங்கியவர் வீட்டில் எப்போதும் புத்தம்புதுத் தகவல் இருக்கும். சாரின் 1994 டைரி மாதிரி ஒன்று இருக்காது.

நாற்பது கட்டுரையை அடித்துப் பார்த்தோம்

மொத்த செட் வேண்டாம், முதலில் ஊரைப் பற்றியும் சுற்றுவட்டாரத்தைப் பற்றியும் உள்ள நாற்பது கட்டுரையை எடுத்துப் பார்ப்போம் என்று சாரைச் சம்மதிக்க வைத்தேன். இருநூறு பக்கத்துக்குள் முடியும் வேலை. சிக்கல்கள் மட்டும் இரண்டு லட்சம் பக்கத்துக்கு உண்டானவை.

முதல் நாள் ஜெராக்ஸ் கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு சரியில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நடுநடுவே வெறும் கட்டங்கள். வீட்டிலேயே எழுத்துருவை உள்ளே பொதித்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோன பிறகுதான் சரியானது.

அடுத்தது இணைய முகவரி. விக்கிக் கட்டுரைகளின் அடியில் சான்றாகத் தரும் முகவரிகள் திரையில் ஒரு நீல வரி. தாளில் முழு முகவரி போட்டால்தான் பயன். ஆனால் தமிழ் முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். 'திருவண்ணாமலை' என்ற சொல் ஒருங்குறியில் 12 குறிகள். விரிந்தால் 108. எங்கள் ஊருக்குப் பொருத்தமான எண்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்து யாராலும் எங்கேயும் போக முடியாது.

அகர வரிசை இன்னொரு தலைவலி. திரையில் 'ரமணர்' என்று தேடினாலும் 'இரமணர்' என்று தேடினாலும் வழிமாற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தமிழ் விக்கியில் ர, ல-வில் தொடங்கும் பெயருக்கு முன்னால் இ சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. தாளில் வழிமாற்று கிடையாது. 'ர'-வில் தேடுகிறவருக்கு 'இ-யில் காண்க' என்று ஒரு வரி போட்டாக வேண்டும். அபிதான சிந்தாமணிக் காலத்து வேலை திரும்பி வந்துவிட்டது.

கடைசியாகத்தான் எங்கள் பிரச்சினையின் மையம் வந்தது. எந்த நாளின் கட்டுரையை அடிப்பது? திங்கட்கிழமை பத்து, புதன்கிழமை பத்து என்று எடுத்தால் ஒரு கட்டுரையும் இன்னொரு கட்டுரையும் ஒத்துப்போகாமல் போகலாம். மாண்டிபெர்க் ஒரே நாளைப் பிடித்துக்கொண்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண், ஒரு நிரந்தர இணைப்பு. நாங்களும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அந்த நாளில் இருந்த வடிவத்தை மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி, திருத்த எண், அந்த வடிவத்துக்கே கொண்டுபோகும் ஒரு கியூஆர் குறி. 108 எழுத்துப் பிரச்சினைக்கும் அந்தச் சின்னக் கட்டமே பதில்.

நியாயமாக ஒரு கேள்வி வரும். விக்கிப்பீடியாவே எல்லாப் பழைய வடிவங்களையும் வைத்திருக்கிறதே, காகிதம் எதற்கு? கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் இறக்கி, நெட் இல்லாமலே படிக்கலாம். இதைச் சாரிடமும் சொன்னேன். அவர் பதில்: "தம்பி, அந்த ஆபீசர் கையில போன் இருந்துச்சு, நெட்டும் இருந்துச்சு. பழசுன்னு ஒண்ணு இருக்குன்னு அவருக்குத் தோணணும் இல்ல?" திரை எப்போதும் இன்றைய வடிவத்தைத்தான் முதலில் காட்டுகிறது. பழையதைப் பார்க்க, பழையது உண்டு என்று தெரிந்து கேட்க வேண்டும். அந்த டைரியோ யாரும் கேட்காமலே முப்பது வருஷம் பீரோவில் கிடந்தது.

பலகையும் நோட்டும்

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது ஆசிரமப் புத்தகக் கடையில் 'நான் யார்?' சிறு நூலை மறுபடி வாங்கிப் பார்த்தேன். எங்கள் பேட்டையின் மிகப் பிரபலமான புத்தகம் இதுதான். இதன் பதிப்புக் கதை எங்கள் சிக்கலுக்கு ரொம்ப நெருக்கம்.

1901–1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த ரமணரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டார். அப்போது ரமணர் பெரும்பாலும் பேசுவதில்லை. மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டுவார். அடுத்த பதில் எழுத முந்தியதை அழித்தாக வேண்டும். பிள்ளை குறித்து வைத்துக்கொண்டதால்தான் நமக்குக் கிடைத்தது. அச்சானது இருபது வருஷம் கழித்து, 1923-ல். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் கேள்விகளின் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருக்கிறது. இன்று பரவலாகக் கிடைக்கும் கேள்வி-பதில் வடிவத்தில் 28 கேள்விகள். ரமணரே பிற்பாடு கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரையாகவும் திருத்தி எழுதினார்.

இருபது முப்பது பக்கச் சிறு நூலுக்கே இத்தனை வடிவம். இதில் எது சரி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த வருஷத்துப் பதிப்பு என்று தெரிந்தால், எது எப்போது சேர்ந்தது என்று பேசலாம். தேதி இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு சண்டைதான் போடலாம். விக்கிப்பீடியா அந்தப் பலகை மாதிரி. எழுதி, அழித்து, எழுதிக்கொண்டே இருக்கும். அச்சுப் பிரதி பிள்ளையின் நோட்டு மாதிரி. நோட்டு பலகையோடு போட்டி போட வேண்டியதில்லை. அன்றைக்கு என்ன எழுதியிருந்தது என்று சொன்னால் போதும்.

ஒரு ஊர், நான்கு மாவட்டம்

சம்புவராயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். திருவண்ணாமலை எந்த மாவட்டம்? 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியரில் எங்கள் ஊர் இருக்கிறது. அதாவது 1896-ல் ரமணர் ரயிலில் வந்து இறங்கியது தென்னாற்காட்டு ஊரில். கெசட்டியர் வந்த சில வருஷத்தில் எல்லை மாறி வட ஆற்காட்டுக்குப் போனது. சார் படித்ததும் வேலைக்குச் சேர்ந்ததும் வட ஆற்காடு மாவட்டத்தில். 1989 செப்டம்பர் 30-ல் அந்த மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை எல்லாம் அரசு நீக்கியபோது வெறும் திருவண்ணாமலை மாவட்டம் ஆனது.

ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, மலையும் நகரவில்லை. நூறு வருஷத்தில் முகவரி மட்டும் நான்கு தடவை எழுதப்பட்டிருக்கிறது. நான்கும் அந்தந்தத் தேதியில் சரி. ஒரு குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தில் ஒன்று, தாத்தாவின் சான்றிதழில் ஒன்று, அப்பாவுடையதில் ஒன்று, பையனுடையதில் ஒன்று இருக்கலாம். இன்றைய பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அதில் மூன்று பொய்யாகத் தெரியும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

சாரின் விதி

எங்கள் நாற்பது கட்டுரையும் இப்போது ஒரு கெட்டியான ஃபைலில் இருக்கின்றன. கழற்றி மாட்டும் ஃபைல்தான். ஆனால் சார் ஒரு விதி போட்டிருக்கிறார்: பழைய தாளைத் தூக்கிப் போடக் கூடாது. ஃபைலின் நடுவில் ஒரு சிவப்பு அட்டை. புதுத் தாள் வந்தால் பழையது அட்டைக்குப் பின்னால் போகும். நெல்சன் செய்யத் தவறியதை ஒரு சிவப்பு அட்டையில் முடித்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தை பிறந்ததும், அதே நாற்பது கட்டுரையை மறுபடி அடிக்கிறோம். இடையில் ஏதாவது நடந்தால் சார் தாளின் ஓரத்திலேயே பேனாவால் எழுதித் தேதி போட்டுவிடுவார். 2024-ல் ஊர் மாநகராட்சி ஆனபோது 'நகராட்சி' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'மாநகராட்சி' என்று எழுதினார். அடித்தது கீழே நன்றாகத் தெரிகிற மாதிரிதான் அடித்திருக்கிறார். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை.

2024 டிசம்பரில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஃபெஞ்சல் புயல் மழையில் ஊர் நனைந்து கிடந்தது. கரண்ட் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. போனில் சார்ஜ் இல்லை. சார் ஜன்னல் பக்கம் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, மலையைப் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 'வ.உ.சி. நகர். மண்சரிவு. 1.12.2024. ஏழு பேர்.' அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்த செட்டுக்கு ரெண்டே முக்கால் லட்சம் ஆகும்னு கணக்குப் போட்டேன் சார்," என்றேன், பேச்சை மாற்றுவதற்காக.

"மூணு பீரோ வைக்க நம்ம வீட்ல எடம் ஏது?" என்றார். "நாம நம்ம ஊரைப் பாத்துக்கலாம். அவங்கவங்க ஊரை அவங்கவங்க அடிச்சு வச்சா போதும், தம்பி. தேதி மட்டும் போட மறக்கக் கூடாது."

உங்கள் ஊர்க் கட்டுரையை ஒரு தடவை அச்சடித்துப் பாருங்கள். பத்துப் பக்கம் வருமா? பத்து ரூபாய். அடியில் தேதியை எழுதிப் பீரோவில் போட்டுவிடுங்கள். யாருக்கு, எப்போது, எதற்குத் தேவைப்படும் என்று இப்போது சொல்ல முடியாது. 1994-ல் அந்த டைரியை வாங்கியபோது சாருக்கும் தெரிந்திருக்காது.